பேட்டரி வண்டிக்கு வரிசை கிடையாது

செங்கம் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டில் முதல் அடி என் கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது அடி நான் கொடுத்தது. சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கிக் கம்பியை உருவி, ஸ்டாண்டுத் தலைவரின் முழங்கையில் ஒன்று போட்டேன். மனுஷன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் "பொம்பள கை நீட்டிட்டா" என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்கு முன்னால் ஒரு ஆம்பளை கை நீட்டியதை ஒருத்தரும் பேசவில்லை. பேசுவார்களா என்ன?

சண்டை எதற்கு என்றால், வரிசைக்கு. எங்கள் ஸ்டாண்டில் வரிசைதான் சாமி. முதலில் நிற்கிற வண்டிக்குத்தான் சவாரி. அது கிளம்பியதும் பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் இறங்கி, இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல், வண்டிக்குப் பக்கத்தில் நடந்தபடி கையால் தள்ளி ஒரு இடம் முன்னால் நகர்த்துவார்கள். பெட்ரோல் மிச்சம். ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை மேல்கம்பியில். அந்தப் பிடிதான் ஆக்சிலேட்டர். சாய்ந்து தள்ளும்போது கை அதைத் தானாக முறுக்கும். இஞ்சின் ஓடாத வண்டியில் எவ்வளவு முறுக்கினாலும் ஒன்றும் ஆகாது. ஒருவன் டீ குடிக்கப் போயிருந்தால் பின்னால் நிற்கிறவன் அவன் வண்டியையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். தள்ளிவிட்டால் நீ நம்ம ஆள். தள்ளாமல் சுற்றிக்கொண்டு போனால் நீ அங்கே இல்லவே இல்லை.

அந்த வரிசையில் என் வீட்டுக்காரருக்கு ஒரு இடம் இருந்தது. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலிருந்தே அவர் அங்கே பெட்ரோல் ஆட்டோ ஓட்டினார். சர்க்கரை வந்து கண் மங்கிப்போனது. வண்டியும் அவரைப் போலவே ஆகிவிட்டது. புகை ஜாஸ்தி, ஓடத் தகுதி இல்லை என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, ஒரு பேட்டரி ஆட்டோ வாங்கினோம். லைசென்ஸ் எடுத்து நான் ஓட்ட வந்தேன். அவருடைய இடம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது.

"பேட்டரி வண்டிக்கு வரிசை கிடையாது" என்றார் தலைவர். முதல் நாளே, எல்லோர் முன்னாலும்.

"இன்னா சட்டம் தலைவரே இது? எங்க எழுதி வச்சிருக்கு?"

"உன் வண்டி வந்தா எங்க வண்டில எவன் ஏறுவான்? அதாம்மா சட்டம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆசிரமத்துக்கு வந்து ரூம் எடுத்துத் தங்குகிறவர்களுக்குப் புகை ஆகாது, சத்தம் ஆகாது. வெள்ளைக்காரர்கள் மட்டுமா, பெங்களூர்க்காரர்களும் அப்படித்தான். தியானம் பண்ணிவிட்டுக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வருவார்கள். முன்னால் நிற்கிற ஆட்டோக்காரன் "சார், சார்" என்று கூப்பிடக் கூப்பிட, ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி, கடைசியில் நிற்கிற என் வண்டியில் வந்து ஏறுவார்கள். நான் "ஃபர்ஸ்ட் ஆட்டோ, ஃபர்ஸ்ட் ஆட்டோ" என்று கையைக் காட்டுவேன். "நோ ஸ்மோக்" என்று சிரித்துக்கொண்டே பையை உள்ளே வைப்பார்கள். பக்கத்துத் தெரு கெஸ்ட் ஹவுஸ்காரர் ஒருவர் பச்சை இலைப் படம் போட்டு ஒரு போர்டே மாட்டிவிட்டார்: எங்கள் விருந்தினர்கள் பேட்டரி வாகனத்தில் மட்டும் பயணிப்பார்கள். எனக்கு நல்லது செய்வதாக அவர் நினைப்பு. அந்தப் போர்டு மாட்டிய அன்று என் பின்சீட்டை யாரோ பிளேடால் நீளமாகக் கிழித்து வைத்திருந்தார்கள்.

சீட்டைத் தைத்தேன். சைடு கண்ணாடியைப் பிடுங்கினார்கள், வேறு மாட்டினேன். டயரில் ஆணி. சார்ஜ் ஒயரை வெட்டி, துண்டைச் சீட்டின் மேலேயே சுருட்டி வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பாய் ஆட்டோ மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார், அவருடைய அப்பா காலத்து ஷெட். ஒயரை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன் வண்டில எனக்கு இன்னாம்மா வேலை இருக்கு? ஆயில் இல்ல, பிளக் இல்ல, கார்புரேட்டர் இல்ல. எல்லாரும் உன்ன மாதிரி வாங்கிட்டா நான் ஷட்டர இறக்கிட்டு மசூதிலயே உக்காந்துக்க வேண்டியதுதான்."

"அதுக்காக நான் பட்டினி கெடக்கணுமா பாய்?"

"அத யாரு சொன்னது? ஒயர குடு, ஜாயின்ட் போட்டுத் தரேன். ஆனா ஜாக்கிரதம்மா. அவனுங்க உன் மேல இல்ல, வயித்து மேல கோவமா இருக்கானுங்க. அது ஆறாது."

வீட்டுக்காரர் பயந்துவிட்டார். "வேணாம்டி, விட்டுரு. வேங்கிக்கால் பக்கம் போய் நில்லு. கலெக்டர் ஆபீஸ் வர்றவங்க கெடைப்பாங்க" என்று தினமும் சொல்வார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்ற வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அடி அண்ணாமலை வரைக்கும் ஓட்டினாலே போதும் என்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். "உங்க இடத்த விட்டுட்டு நான் ஏன் ஊர் ஊரா நாய் மாதிரி சுத்தணும்? நீங்க வேணா பயப்படுங்க" என்று கத்துவேன். கண் தெரியாத மனுஷன், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

தலைவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவரை வெறும் ரவுடி என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு வெயில் நாளில் என் வீட்டுக்காரர் சர்க்கரை இறங்கி ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தபோது, தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இவர்தான். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் எங்கள் பழைய வண்டியைத் தன் வண்டியோடு சேர்த்து இவர்தான் தள்ளிவிட்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஆள்தான் அன்று வரிசைச் சண்டையில் என் கன்னத்தில் அறைந்தார். அதனால்தான் அது அப்படி வலித்தது. கம்பியை எடுக்கவைத்ததும் அந்த வலிதான்.

முழங்கை வீக்கம் வடிந்து அவர் மறுபடியும் ஸ்டாண்டுக்கு வந்த பிறகு, எங்களுக்குள் பேச்சு இல்லை. நான் தினமும் வந்து கடைசியில் நிற்பேன். வரிசை நகரும், என் பின்னால் வருகிறவன் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்பான். காலையில் கடைசி, மத்தியானமும் கடைசி.

பிறகு அந்த நாள் வந்தது. காலை நேரம், ஆசிரமத்திலிருந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்கார அம்மா ஒருத்தர், வயதானவர், துணைக்கு ஒரு பெண். நேராக என் வண்டிக்கு வந்தார்கள். நான் வழக்கம்போல் கையைக் காட்டினேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். முன்னால் மூன்று வண்டிகள், எல்லாம் காலையிலிருந்து சும்மா நிற்கிற வண்டிகள். எனக்கு நேர் முன்னால் நின்றது தலைவருடைய வண்டி. நான் சாவியைப் போட்டு, முன்னால் போகிற பட்டனை அழுத்தினேன். பேட்டரி வண்டி அப்படிப் போட்டால் ஒரு சின்ன முனகல்கூட இருக்காது. கிளம்பத் தயாராக இருக்கிறதா, தூங்குகிறதா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

"எறங்குடி!" தலைவர் வந்து என் தோள்பட்டையைப் பிடித்தார். "எங்க வாயில மண்ணப் போட்டுட்டு நீ மட்டும் சோறு தின்னுவியா?"

"கைய எடுய்யா! நானா கூப்ட்டேன்? அவங்களா வந்து ஏறுனாங்க!"

பிடித்து இழுத்தார். ரோட்டில் விழுந்தேன், முட்டி தேய்ந்தது. பின்னாலிருந்த அம்மாவும் அந்தப் பெண்ணும் அலறிக்கொண்டு மறுபக்கமாக இறங்கி ஓடினார்கள். தலைவர் என்னைத் தாண்டிப்போய், "இன்னையோட இந்த வண்டி இங்க நிக்கக் கூடாது" என்று சொல்லிக்கொண்டே என் வண்டியை வரிசையிலிருந்து வெளியே தள்ளக் கை வைத்தார். வருஷக்கணக்கில் தள்ளிப் பழகிய கை. ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொன்று மேல்கம்பியில். சாய்ந்தார். கை முறுக்கியது.

வண்டி பாய்ந்தது. அவர் விடவில்லை. விடத் தோன்றாது, பயத்தில் பிடி இன்னும் இறுகும், இறுகினால் வண்டி இன்னும் வேகமாகப் போகும். பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே போய் அவரைக் கீழே தள்ளியது. பின்சக்கரம் அவருடைய வலது காலின் மேல் ஏறியது. மேலே ஏறி இறங்கிய வேகத்தில் போய் அவருடைய ஆட்டோவின் பின்பக்கத்திலேயே மோதி நின்றது. எலும்பு உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. வண்டிதான் சத்தம் போடவில்லை. முட்டிக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது, லுங்கியெல்லாம் ரத்தம். நான் "ஐயோ, தலைவரே!" என்று ஓடினேன். அதற்குள் எவனோ என் முதுகில் உதைத்தான்.

"ஏத்திட்டாடா! ஆள் மேலயே ஏத்திட்டாடா!"

யார் உதைத்தார்கள், யார் முடியைப் பிடித்தார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எல்லோரும் தெரிந்த முகம். என் வீட்டுக்குப் பொங்கல் சாப்பிட வந்த முகம். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம் கரித்தது. முன்கண்ணாடியில் கல் விழுந்து உடைந்தது. ஒருத்தன் தன் வண்டியிலிருந்து பெட்ரோல் பிடித்த பாட்டிலைக் கொண்டுவந்து என் சீட்டின் மேல் ஊற்றினான். தீப்பெட்டி, தீப்பெட்டி என்று ஒரே கூச்சல். அப்போது எதிரிலிருந்து பாய் ஓடி வந்தார். கையில் பெரிய ஸ்பேனர், உடம்பெல்லாம் கிரீஸ். வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"கொளுத்துங்கடா! கொளுத்துனா முதல்ல உங்க வண்டி எரியும், அப்புறம் என் ஷெட்டு எரியும், அதுக்கப்புறம் நீங்க எவனும் உள்ள போகாம இருக்க மாட்டீங்க. அங்க ஒருத்தன் ரத்தம் கொட்டிக் கெடக்கான், அவனத் தூக்குங்கடா முதல்ல!"

அதற்குப் பிறகுதான் தலைவரைத் தூக்கினார்கள். பெட்ரோல் நனைந்த சீட்டின் பக்கத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். பயமா, கோபமா தெரியவில்லை. இரண்டும்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து தலைவர் கொடுத்த வாக்குமூலம் ஒரே வரி: வேண்டுமென்றே என் மேல் வண்டியை ஏற்றினாள். முன்னால் நான் கம்பியால் அடித்தது வேறு ஊருக்கே தெரியும். வண்டியை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொலை முயற்சி என்று போட்டால் வண்டியும் போச்சு, லைசென்சும் போச்சு, நான் உள்ளே. கண் தெரியாத மனுஷனுக்கு யார் சோறு போடுவது? அன்று முழுக்க அதுதான் என் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். சாட்சி சொல்ல ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் வந்திருந்தான். ஒல்லியான ஆள், என் வீட்டுக்காரரை "அண்ணே, அண்ணே" என்று சுற்றி வந்தவன்.

"இவங்கதான் சார் ஓட்டுனாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

"பொய் சார்! அவரு என்ன இழுத்துக் கீழ போட்டுட்டு, வண்டிய கையால தள்ளுனாரு. சாவி ஆன்ல இருந்துச்சு. அதான் பாஞ்சிருச்சு."

எஸ்.ஐ. சின்ன வயதுக்காரர். கேட்டுக் கேட்டுச் சலித்த முகம். "வண்டி ஆன்ல இருந்தா சத்தம் வராதா? பக்கத்துல நிக்கிறவருக்குத் தெரியாதா? காதுல பூ சுத்தாதம்மா."

"சத்தமே வராது சார். அதான் சார் இந்த வண்டி. அதுக்குத்தான் சார் இவ்ளோ சண்டையும்!"

"நீ கொஞ்சம் வாய மூடு."

அந்த நேரம் வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. என் வண்டி குறுக்கே நின்றது. எஸ்.ஐ. மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்து அந்த டிரைவரிடம் போட்டார். "போய் அந்த வண்டிய ஓரமாத் தள்ளு."

ஹேண்டில் லாக்கை எடுக்க அவன் சாவியைப் போட்டுத் திருப்புவான். முன்னால் போகிற பட்டன் அன்று அழுத்தியபடியேதான் இருக்கும், யார் அதைத் தொட்டார்கள்? "சார், அவன ஹேண்டில தொட வேணாம்னு சொல்லுங்க சார்!" என்று கத்தினேன். "உன்ன வாய மூடுன்னு சொன்னேன்ல?" என்று எஸ்.ஐ. என்னைப் பார்த்துக் கத்தினார். வாசலைப் பார்க்கவில்லை.

அவன் உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினான். இறங்கி நின்றான். ஒரு கை ஹேண்டில் பிடியில், இன்னொரு கை மேல்கம்பியில். சாய்ந்தான்.

வண்டி அவனைப் பக்கத்தில் வீசிவிட்டு, தண்ணீர் டிரம்மை உருட்டி, ஸ்டேஷன் சுவரில் போய் இடித்தது. சுவரின் காரை உதிர்ந்தது. டிரம் தண்ணீரெல்லாம் வராண்டாவில் ஓடியது. அவன் மண்ணில் மல்லாக்கக் கிடந்தான், முழங்கை தோல் உரிந்து. எஸ்.ஐ. மெதுவாக எழுந்து வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இப்போ யாருடா ஓட்டுனது?"

அவன் எழுந்து நின்றான். சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான்.

"கேக்குறேன்ல? உன் மேல யாரு ஏத்துனா? இந்தம்மாவா?" பளார் என்று ஒன்று விட்டார். முந்தின நாள் என் முதுகில் விழுந்த உதை எல்லாம் அந்தச் சத்தத்தில் ஆறியது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. சிரிப்புகூட வந்தது, உதடு கிழிந்திருந்ததால் சிரிக்க முடியவில்லை.

எஸ்.ஐ. அவரே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைவரிடம் மறுபடியும் வாக்குமூலம் வாங்கினார். என்ன கேட்டாரோ, எப்படிக் கேட்டாரோ. "நான்தான் தள்ளினேன்" என்று கைநாட்டு வைத்துவிட்டாராம். கேஸ் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். நசுங்கிய மூக்கோடு நேராகப் பாய் ஷெட்டுக்குத்தான் கொண்டுபோனேன். மனுஷன் முகத்தில் அன்றுதான் ஒரு தெளிவு.

"அடிபட்ட தகரத்துக்கு பெட்ரோலும் ஒண்ணுதான், பேட்டரியும் ஒண்ணுதான். இனிமே டிங்கர் வேலைதான்மா எனக்குச் சோறு. நீங்க எல்லாரும் நல்லா மோதிக்கோங்க" என்றார்.

வண்டி தயாரானதும் மறுபடியும் போய் ஸ்டாண்டில் கடைசியில் நின்றேன். ஜாக்கிக் கம்பியை இந்த முறை சீட்டுக்கு அடியில் வைக்கவில்லை, காலுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். முன்வண்டி போனது. எல்லோரும் தள்ளினார்கள். எனக்குப் பின்னால் வந்தவன் என்னைச் சுற்றிப் போகப் பார்த்தான். நான் கம்பியைக் கையில் எடுத்தேன். அவன் தன் வண்டியை என் பின்னாலேயே நிறுத்திக்கொண்டான். அன்று முதல் எனக்கு வரிசை. யாரும் "வா" என்று கூப்பிடவில்லை. என் வண்டியை யாரும் தள்ளிவிடுவதும் இல்லை. கை வைக்கவே பயம். சவாரிக்கு யாராவது முன்வண்டிகளைத் தாண்டி நேராக என் வண்டிக்கு வந்தால் நானும் இப்போது கையை மட்டும் காட்டுவதில்லை. முன்வண்டி கிளம்பும் வரை சாவியே போட மாட்டேன். நாலு பேர் கோபித்துக்கொண்டு நடந்தே போனார்கள். போகட்டும். ஸ்டேஷன் சுவரை இடித்தானே, அவன் ரகசியமாக ஒரு பேட்டரி வண்டிக்கு புக் பண்ணியிருக்கிறானாம். பாய்தான் சொன்னார்.

பல மாதம் கழித்துத் தலைவர் வந்தார். அக்குளில் இரண்டு கட்டை, வலது காலுக்குள் கம்பி. ஆட்டோவில் பிரேக் வலது காலில்தான் இருக்கிறது. இனி அவர் ஓட்ட முடியாது. வண்டியை விற்றுவிட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை காலுக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று அவர் மனைவி கூட வரவில்லை, தனியாக நின்றார். முதல் வண்டிக்காரன் இறங்கி ஓடி வந்து, "வாங்க தலைவரே, ஏறுங்க" என்று கையைப் பிடித்தான். தலைவர் அவன் கையை எடுத்துவிட்டார்.

"வேணாம்டா. இஞ்சின் அதிருது. கம்பி வச்ச எடத்துல உயிரே போகுது."

கட்டையை ஊன்றி ஊன்றி வந்தார். முதல் வண்டியைத் தாண்டினார். இரண்டாவது வண்டியைத் தாண்டினார். மூன்றாவது வண்டி என்னுடையது. நெற்றியெல்லாம் வேர்வை. ஸ்டாண்டே பார்த்தது. என் பக்கத்தில் வந்து நின்று, வண்டியின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி சொன்னார்:

"ஆஸ்பத்திரிக்குப் போகணும்மா. உன் வண்டினா ஆடாது."

மயங்கி விழுந்த என் வீட்டுக்காரரை இவர் தூக்கிக்கொண்டு ஓடியது ஞாபகம் வந்தது. என் கன்னத்தில் விழுந்ததும் ஞாபகம் வந்தது. அந்தக் காலைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் மனுஷியே இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தன.

"முதல் வண்டி அங்க நிக்குது தலைவரே" என்று கையைக் காட்டினேன். "அதுல ஏறுங்க."

என்னை நிமிர்ந்து பார்த்தார். கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. இந்த வரிசையைப் போட்டவரே அவர்தான். கட்டையைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே மெதுவாக நடந்தார். முதல் வண்டிக்காரன் அவரைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தான். இஞ்சின் கிளம்பியதும் வண்டி முழுக்கக் குலுங்கியது. தலைவர் இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். புகையைக் கக்கிக்கொண்டு அந்த வண்டி ரோட்டில் ஏறியது.

முன்னால் இருந்தவன் இறங்கித் தன் வண்டியைத் தள்ளினான். நான் சாவியைப் போட்டு, ஒரு வண்டி தூரம் ஓட்டிப்போய், இரண்டாவது இடத்தில் நின்றேன்.